மெல்பேர்னிலிருந்து கப்பலில் வந்த புல் பார்

முன்பக்க மேசையில் உங்களை இருத்தியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். அந்த மேசையில் நான் நெடுங்காலம் இருந்தவள். பிக்கப் வைத்திருப்பவர், ஜீப் வைத்திருப்பவர், காட்டுக்குப் போகிறவர், காட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஸ்காபரோவுக்குள்ளேயே மல்வேர்னுக்கும் அஜின்கோர்ட்டுக்கும் இடையில் மட்டும் ஓடித் திரிகிறவர் என்று எல்லாரையும் பார்த்தாயிற்று. ஓய்வெடுத்த பிறகு வண்டிக்குச் சாமான் பூட்டுகிற அந்தக் கடைப் பக்கம் தலை வைத்தும் படுப்பதில்லை என்றுதான் இருந்தேன்.

போன கிழமை உங்களில் ஒருவர் வட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்: "அன்ரி, கஸ்டமரே ஒரு புல் பார் கொண்டுவந்து இதைப் பூட்டுங்கோ எண்டா பூட்டலாமா? லீகல் பிரச்சினை ஏதும் வருமா?"

ஒரு சொல்லில் பதில் போட்டிருக்கலாம். முடியவில்லை. ஏன் என்று சொன்னால்தான் உங்களுக்குப் பதிலும் விளங்கும். ஒரு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து இருந்து வாசியுங்கள். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். இதை வெளியில் யாருக்கும் அனுப்பவேண்டாம். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

முதலில் எல்லாருக்கும் தெரிந்த பாடத்தை முடித்துவிடுகிறேன். புல் பார் என்பது வண்டியின் முகத்துக்கு முன்னால் பூட்டுகிற இரும்பு வேலி. வீதியில் ஓட அது ஏற்றதா என்று பார்க்கும்போது, ஹெட்லைட்டையும் சிக்னலையும் மறைக்கிறதா என்று பாருங்கள். நம்பர் பிளேட் தெரியவேண்டும். ஒன்ராறியோவில் முன்னாலும் ஒரு பிளேட் வேண்டும் என்பதை மறந்து கனபேர் பூட்டியிருக்கிறார்கள். கூராக நீட்டிக்கொண்டு நிற்கிற முனை எதுவும் இருக்கக்கூடாது. இடிபட்டால் ஏர்பாக் விரியவேண்டிய நேரத்தில் விரியவேண்டும். அதற்கு அந்த வண்டிக்கென்றே செய்து சோதித்துப் பார்த்த பார் வேண்டும். இந்தக் காலத்து வண்டிகளுக்கு முகத்தில் சென்சர்களும் இருக்கின்றன. பார் அவற்றை மறைத்தால் ஒன்றில் வண்டிக்குக் கண் தெரியாமல் போகும், இல்லாவிட்டால் பாரையே தடை என்று நினைத்து நாள் முழுக்கக் கீக் கீக் என்று கத்தும்.

இவ்வளவும் உங்கள் கையேட்டில் இருக்கிறது. ஆனால் இவ்வளவையும் ஒரு குடும்பச் சண்டைக்கு நடுவில் நின்றுகொண்டு சொல்லவேண்டி வரும் என்று எந்தக் கையேட்டிலும் எழுதவில்லை.

ரெஜி என்று ஒருவர் இருந்தார். மன்னார்ப் பக்கத்து ஆள், மல்வேர்னில் வீடு. கடைகளில் இருக்கும் பெரிய குளிரூட்டிகளைத் திருத்துகிற வேலை. வடக்கே உள்ள சின்ன ஊர்களுக்கு இடைக்கிடை பிக்கப்பில் போய் வருவார். அப்படிப் போன ஒரு மாலையில் மான் ஒன்று குறுக்கே பாய்ந்து வண்டியின் முகத்தை நெளித்துவிட்டது. ரெஜிக்கு ஒரு கீறலும் இல்லை. வண்டியையும் திருத்தியாயிற்று. ஆனால் மெல்பேர்னில் இருந்த அவருடைய அண்ணனுக்குப் பயம் தெளியவில்லை.

அண்ணனின் பெயர் அன்ரன். தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அவருடைய வண்டியில் ஒருமுறை கங்காரு மோதியதாம். முன்னால் புல் பார் இருந்தபடியால் மனுசன் தப்பினாராம். தம்பியின் வண்டியில் மான் மோதிய கதையைக் கேட்ட நாள் தொடக்கம் அவருக்கு நித்திரை இல்லை. பிறகு எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? லண்டன் மச்சாள் சேலை அனுப்புவா, பாரிஸ் சித்தப்பா பிள்ளைக்குச் சப்பாத்து அனுப்புவார். ஸ்காபரோவில் அதே சாமான் கடை கடையாகக் குவிந்து கிடந்தாலும் அனுப்புவார்கள். அன்ரன் அண்ணை புல் பார் அனுப்பினார். அதுவும் கப்பலில், பலகைப் பெட்டி அடித்து.

பெட்டி வந்து சேர்ந்ததும் ரெஜி அதைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு நேரே எங்களிடம் வந்தார். பள்ளிக்கூடம் விட்ட நேரம். மனைவிக்கு வேலை என்று மகள் ஷெரினையும் கூட்டி வந்திருந்தார். முதலாம் வகுப்புப் பிள்ளை, நல்ல வாயாடி. அவளை முன்னறையில் டப்லெட்டோடு இருத்திவிட்டு, பிக்கப்பை எங்கள் வேலைக்கூடத்துக்குள் எடுத்து, பெட்டியை இறக்கித் திறந்தோம். பார்த்தவுடன் நான்கூட வாயைப் பிளந்தேன். முழு இரும்பு. நல்ல வேலைப்பாடு.

"பாருங்கோ அக்கா," என்றார் ரெஜி. "அங்கை லீகல் எண்டு தகடே அடிச்சிருக்கு. உங்களுக்கு வேலை லேசு. பூட்டினால் சரி."

நான் குனிந்து பார்த்தேன், அளந்தேன், திரும்பவும் பார்த்தேன். வண்டியின் பெயர் ஒன்றுதான். ஆனால் அவுஸ்திரேலியாவில் அந்தப் பெயரில் ஓடுகிற வண்டிக்கும் இங்கே ஓடுகிற வண்டிக்கும் முகம் வேறு.

"தம்பி, இது அங்கத்தை வண்டிக்குச் செய்தது," என்றேன். "உங்கட சென்சர் எல்லாம் இதுக்குப் பின்னாலை போகுது. பிளேட் வைக்க இடமில்லை. பம்பரை வெட்டாமல் பூட்டவும் ஏலாது. வெட்டினால் ஏர்பாக் என்ன செய்யும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இதை நான் பூட்ட விடமாட்டன்."

"அண்ணை அனுப்பினது, அக்கா."

"விளங்குது."

"உங்களுக்கு விளங்கேல்லை. அண்ணை அனுப்பினது."

அதற்கு மேல் அவரிடம் வேறு நியாயம் இருக்கவில்லை. அவருக்கு அது போதுமாகவும் இருந்தது. கடையில் வாங்கிய சாமான் சரியில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். அண்ணன் கடல் கடந்து அனுப்பியதை வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வது? எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

முதலாளி என்னைப் பிக்கப்பின் பின்பக்கம் கூப்பிட்டார். மெல்லிய குரலில், "நாங்கள் பூட்டாட்டில் அவர் வேறை கராஜுக்குப் போவார். அங்கை கண்டபடி பூட்டுவாங்கள். அதைவிட நாங்களே ஒழுங்காப் பூட்டிக் குடுக்கலாம்தானே?" என்றார். இந்தப் பேச்சு உங்களுக்கும் ஒருநாள் வரும். கேட்க அவ்வளவு இரக்கமாக இருக்கும். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: பிழையான சாமானை ஒழுங்காகப் பூட்ட ஒரு வழியும் இல்லை. நான் அதைத்தான் சொன்னேன். முதலாளிக்கு முகம் கறுத்தது.

இதற்குள் ரெஜி வீடியோ கோலில் அண்ணனைப் பிடித்துவிட்டார். மெல்பேர்னில் அப்போதுதான் விடிந்திருந்தது. திரையில் கலைந்த தலையோடு ஒரு முகம். எடுத்த எடுப்பிலேயே கத்தல்.

"தங்கச்சி, நான் எத்தினை வருசமா உதோடை ஓடுறன் தெரியுமோ? உங்கட கடையிலை வாங்கேல்லை எண்ட எரிச்சலிலை கதைக்கிறியள்!"

"எரிச்சல் இல்லை, அண்ணை. இந்த வண்டிக்கு இது பொருந்தாது."

"பொருந்தும்! நான் மாடல் பாத்துத்தான் வாங்கினனான். நாளைக்கு என்ரை தம்பி ரோட்டிலை செத்துக் கிடந்தால் நீங்களோ வந்து பதில் சொல்லுவியள்?"

அவர் நிறுத்தவில்லை. தங்கச்சி என்று எனக்கு ஒரு கத்தல், தம்பி என்று ரெஜிக்கு ஒரு கத்தல். "கிட்ட வைச்சுப் பாருங்கோவன், அப்பிடியே செய்துவைச்ச மாதிரி இருக்கும்" என்று அடம்பிடித்தார். சரி, கண்ணால் பார்த்தாலாவது அடங்குவார் என்று நினைத்து, பாரைத் தாழ்வான ட்ரொலியில் நிமிர்த்தி வைத்து, கட்டி, பிக்கப்பின் முன்னால் தள்ளிக்கொண்டு போனோம். பாதி வழியில் ட்ரொலியின் சில்லு நிலத்தில் இருந்த வடிகால் கம்பிக்குள் இறுகிவிட்டது. பாருக்கும் பிக்கப்புக்கும் நடுவில் ஒரு ஆள் தாராளமாக நிற்கிற இடைவெளி. அண்ணனுக்கு எல்லாம் தெரியவேண்டும் என்று ரெஜி ஃபோனைப் பாரின் நடுக்குழாயில், பிக்கப்பைப் பார்க்கிற மாதிரிச் செருகி வைத்தார்.

ட்ரொலி அசையவில்லை. அண்ணனின் கத்தலும் ஓயவில்லை. ரெஜிக்கு வேர்த்துவிட்டது. "வண்டியைக் கொஞ்சம் முன்னுக்கு எடுத்துக் காட்டுறன், உந்தாள் ஓயட்டும்," என்று சொல்லிக்கொண்டே போய் ஏறினார்.

கூடத்துக்குள் வந்து நின்ற வண்டியை எங்கள் ஆட்கள் மட்டும்தான் நகர்த்தலாம். "ரெஜி, பொறுங்கோ, எங்கட ஆள் எடுப்பார்," என்று நான் சொல்லி முடிக்க முன்னம் கதவு சாத்தப்பட்டுவிட்டது. நான் அவர் பக்கம் நடக்கத் தொடங்கினேன். முதலாளி விடாமல் பின்னால் வந்து, "பெட்டியைத் திறந்தாச்சு, இனி எப்பிடித் திருப்பி அனுப்புறது?" என்று காதுக்குள் முணுமுணுத்தார். பிக்கப்பின் எஞ்சின் உறுமியது. உடனே உள்ளே சென்சரும் கீக் கீக் என்று தொடங்கியது. முன்னால் பார் நிற்கிறதே, கத்தத்தானே செய்யும்.

அன்ரன் அண்ணையும் கத்திக்கொண்டிருந்தார். "உந்த மனுசன் இண்டைக்கு விடாது," என்று முதலாளி சிரித்தார்.

எனக்கு அந்தக் கணத்தில் ஏதோ பிழையாகப் பட்டது. அன்ரன் அண்ணை இப்போது தங்கச்சி என்று சொல்லவில்லை. தம்பி என்றும் சொல்லவில்லை. "ஷெரின்! ஷெரின்! பிள்ளை, பிள்ளை!" என்றது அந்தக் குரல். அதற்குப் பிறகு அதில் சொல்லே இருக்கவில்லை. வெறும் அலறல்.

நான் ஓடினேன். என் வயதில் அப்படி ஓட முடியும் என்று நான் நினைத்தேயிருக்கவில்லை. ரெஜியின் யன்னல் கண்ணாடியில் இரண்டு கையாலும் ஓங்கி ஓங்கிக் குத்தினேன். "ஸ்டொப்! ஸ்டொப்!" என்று கத்தினேன். பிக்கப் ஒரு குலுக்கலோடு நின்றது.

முன்பக்கம் போய்ப் பார்த்தேன். பாருக்கும் பிக்கப்புக்கும் நடுவில் ஷெரின் நின்றாள். நெஞ்சு இரும்புக் குழாயில் அழுந்தியிருந்தது. முதுகில் பிக்கப்பின் முகம் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை எவ்வளவு மெலிவோ அவ்வளவு இடம்தான் அங்கே மிஞ்சியிருந்தது. முன்னறையில் இருந்தவளுக்குப் பெரியப்பாவின் குரல் கேட்டிருக்கிறது. ஃபோனில் பெரியப்பா வந்தால் ஓடிப்போய் ஹாய் சொல்லவேண்டும் என்றுதானே எங்கள் வீடுகளில் பிள்ளைகளைப் பழக்குகிறோம். அவள் அதைச் செய்ய வந்திருக்கிறாள். ரெஜி இருந்த உயரத்திலிருந்து பாரின் மேல்குழாய் மட்டும்தான் தெரியும். அவளுடைய தலை தெரியாது.

மெல்பேர்னில் இருந்தவருக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருக்கிறது. திரை நிறையப் பிள்ளையின் சிரித்த முகம். அந்த முகத்துக்குப் பின்னால் வண்டி மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டு வருகிறது.

முதலாளி ரெஜியைப் பக்கத்து இருக்கைக்குத் தள்ளிவிட்டு ஏறி வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். அவருடைய வாய் கோணிப்போயிருந்தது. ரெஜி இறங்கி முன்னால் வந்தார், பார்த்தார், அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். நான் பிள்ளையைத் தூக்கி, கையைத் தடவி, விலாவைத் தடவி, முதுகைத் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கர்த்தரே, ஒன்றுமேயில்லை. குத்திய கைகளை விரிக்க முயன்றேன், விரல்கள் விரியவில்லை. எத்தனையோ விபத்து வண்டிகளைக் கடையில் கண்டவள் நான். அன்று ஒரு துளி இரத்தமும் சிந்தவில்லை. அப்படியிருந்தும் அன்று போல வேறு எந்த நாளும் நான் உறைந்துபோனதில்லை.

ஷெரின்தான் முதலில் வாயைத் திறந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பெரியப்பா ஏன் என்னை யெல் பண்ணினவர்? ஐ ஜஸ்ட் செட் ஹாய்!"

அப்போதுதான் ஃபோனின் நினைவே எனக்கு வந்தது. அது குழாயிலிருந்து நழுவி, முகம் குப்புற நிலத்தில் கிடந்தது. கோல் அறுந்திருந்தது. நாங்கள் எல்லாரும் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறோம். கடைசியாக அந்தப் படத்தைக் கண்ட மனுசன் உலகத்தின் மற்றப் பக்கத்தில் இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

ரெஜியின் விரலைப் பிடித்து ஃபோனைத் திறந்து நானே அன்ரன் அண்ணைக்குக் கோல் எடுத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்ப எடுத்தேன். அன்ரன் அண்ணையின் மனைவி வந்தா. "என்ன நடந்தது அங்கை? மனுசன் நிலத்திலை இருக்கிறார், கதைக்கிறார் இல்லை. ஃபோனைத் தொடமாட்டன் எண்டுறார்."

"பிள்ளைக்கு ஒண்டுமில்லை எண்டு சொல்லுங்கோ, அக்கா. முதல்லை அதைச் சொல்லுங்கோ."

அவர் நம்பவில்லை. காட்டச் சொன்னார். நான் ஷெரினைத் திரைக்கு முன்னால் நிறுத்தினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"கையைக் காட்டு, குஞ்சு," என்றார் அவர். குரலே இல்லை. அவள் வெடுக்கென்று காட்டினாள். "மற்றக் கை." காட்டினாள். "நடந்து காட்டு. திரும்பு. ஓம், திரும்பி நில்லு." அவள் முறைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் செய்தாள். எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு அந்தப் பெரிய மனுசன் எங்கள் எல்லாருக்கும் முன்னால் வாய் விட்டு அழுதார்.

கடைசியில் என்னைப் பார்த்து, "தங்கச்சி, உதைத் தம்பியின்ரை கையிலை குடுத்துவிடாதேங்கோ. உடைச்சு இரும்புக்குப் போடுங்கோ," என்றார். முதலாளி மறுபேச்சுப் பேசாமல் அன்றே அனுப்பிவிட்டார்.

ரெஜிக்குப் பிறகு என்ன பூட்டினோம் என்று கேட்பீர்கள். அவருடைய வண்டிக்கென்றே செய்த, தாழ்வான, சென்சர்களைத் திறந்து விட்டிருக்கிற ஒரு பார். பிளேட்டுக்கு இடம் இருந்தது. வடக்கே போகிற மனுசனுக்குப் பாதுகாப்பு வேண்டும்தானே, அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. அதைத் தெரிவு செய்கிறபோது அவர் விலையும் கேட்கவில்லை, பளபளப்பும் பார்க்கவில்லை. "இதோடை சென்சர் தேவையில்லாமல் கத்தாதுதானே, அக்கா?" என்பதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். "அண்டைக்கும் அது கத்தினது எனக்குக் கேட்டது. பாருக்குத்தான் கத்துது எண்டு நினைச்சன்," என்றார்.

அந்த வசனத்தைத்தான் உங்களுக்குத் தரவேண்டும் என்று இவ்வளவும் எழுதினேன். அன்று அந்தக் கூடத்துக்குள் எச்சரித்தவை இரண்டு. ஒன்று சென்சர், மற்றது அன்ரன் அண்ணை. இரண்டும் முதலிலிருந்தே கத்திக்கொண்டிருந்தபடியால் உண்மையாகக் கத்தியபோது எங்களுக்கு வித்தியாசம் தெரியாமல் போகப் பார்த்தது. சென்சரை மறைக்கிற பாரை யார் கொண்டுவந்தாலும் பூட்டாதீர்கள். அண்ணன் அனுப்பினாலும் பூட்டாதீர்கள், ஆண்டவரே அனுப்பினாலும் பூட்டாதீர்கள். ஓயாமல் சத்தம் போடுகிற வாடிக்கையாளர் வந்தால் சலித்துப்போய்க் காதை மூடாதீர்கள். மேசையடியில் சண்டை தொடங்கினால், பதில் சொல்ல முதல் வண்டியின் திறப்பை வாங்கி உங்கள் பொக்கற்றில் போடுங்கள். அது சட்டத்தில் இல்லை, நான் போட்ட சட்டம். அந்த நாளுக்குப் பிறகு போட்டது.

இனி, இதை ஏன் வெளியே அனுப்பவேண்டாம் என்றேன் என்பதைச் சொல்கிறேன்.

அடுத்த வருடம் ரெஜி சில்லு மாற்ற வந்தபோது பிள்ளையைப் பற்றி விசாரித்தேன். நன்றாக இருக்கிறாள், ஆனால் பெரியப்பாவோடு மட்டும் கதைப்பதில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அண்ணை கோல் எடுப்பாராம். இவள் எழும்பி மற்ற அறைக்குப் போய்விடுவாளாம். முதுகுக்குப் பின்னால் வந்து தொட்டது என்ன என்று பிள்ளைக்கு விளங்கியிருக்கவில்லை; ஹாய் சொன்னதற்கு அப்படிக் கத்திய ஆள் அவர் என்று மட்டும் அவளுக்கு மனதில் பதிந்துவிட்டது. ரெஜி உண்மையைச் சொல்லப் பார்த்தாராம். அண்ணை விடவில்லையாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. ரெஜியின் ஃபோனிலேயே அன்ரன் அண்ணைக்குக் கோல் எடுத்தேன். "அண்ணை, நீங்கள் கத்தினபடியால்தான் அவள் இண்டைக்கு உயிரோடை இருக்கிறாள். நான் அவளுக்குப் பக்குவமாச் சொல்லிவிடுறன். இது பெரிய அநியாயம்," என்றேன்.

"வேண்டாம் தங்கச்சி," என்றார். அன்று கத்திய ஆளா என்று நினைக்கிற மாதிரி அவ்வளவு மெதுவாகப் பேசினார். "வண்டியை ஓட்டினது ஆர் எண்டு பிறகு கேப்பாள். அப்பா எண்டு தெரிஞ்சால் அவன்ரை மடியிலை முந்தி மாதிரி இருப்பாளோ? அவள் என்னோடை கோவமாவே இருக்கட்டும்."

"எவ்வளவு காலத்துக்கு, அண்ணை?"

"எவ்வளவு காலமெண்டாலும் இருக்கட்டும். கோவிக்கிறதுக்கு அவள் இருக்கிறாள்தானே, தங்கச்சி."